மொழியும் அதன் மக்களும்

‘வீடு’ என்னும் சொல்லை ஒருவர் புதிதாகப் படைத்ததும், அவ்வீட்டில் வாழ்வோர் யார், எதை உண்பர், எவ்விழாவைக் கொண்டாடுவர் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றிற்கு விடை கூறவே புனைநாடுகள் பிறக்கின்றன. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், ஃபின்னிய மொழியின் ஒலியழகில் தோய்ந்து, குவென்யா என்னும் மொழியை இளமையிலேயே இயற்றத் தொடங்கினார்; அதனைப் பேசுவதற்கென எல்ஃப் மக்களையும் அவர்தம் நாடுகளையும் நெடிய வரலாற்றையும் புனைந்தார். சாமன்ஹாஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோவுக்கோ அத்தகைய நாடில்லை. அதனைக் கற்ற பன்னாட்டு மக்களே பாடலும் கதையும் இயற்றினர். அம்மொழியைத் தாய்மொழியாகத் தம் குழந்தைகளுக்கு ஊட்டியோரும் உளர். குவென்யாவைத் தாய்மொழியாகக் கொண்ட எல்ஃப் மக்களோ நூலுக்குள்ளேயே வாழ்கின்றனர். புனைந்த பண்பாடு மொழிக்குப் பொருளாழம் தரும்; அதற்கு உயிர் தருவது பேசுவோரின் அன்றாட வாழ்வே.