‘ஐயர் வைக்காத கல்யாணம் செல்லாது’

சுயமரியாதைத் திருமணம் என்பது புரோகிதரும் ஓமமும் இல்லாமல், உறவும் நட்பும் கூடியிருக்க மணமக்கள் தாங்களே உறுதிமொழி சொல்லி ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் திருமணம். விழாவை நடத்திவைப்பவரைத் தலைமை தாங்குபவர் என்பார்கள். அவர் கட்சித் தலைவராக இருக்கலாம், தமிழாசிரியராக இருக்கலாம், மணமகளின் பாட்டியாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பேச்சு எழும் வீடுகளில் யாராவது ஒரு பெரியப்பா இன்றும் சொல்கிறார்: “ஐயர் வெச்சுப் பண்ணாத கல்யாணம் கோர்ட்டுல நிக்காது.” படித்தவர்கள் அதையே கொஞ்சம் பதமாக, “எதுக்கு வம்பு, பேருக்கு ஒரு ஐயரையும் கூப்பிட்டுடலாமே” என்கிறார்கள். இது சட்டம் தெரியாத பேச்சு. தீங்கில்லாத அறியாமை என்று விட்டுவிடவும் முடியாது. இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கட்டியவளைக் கைவிட்டுத் தப்பப் பார்த்தவர்கள் உண்டு.

ஐயர் வைப்பதுதான் தொன்றுதொட்ட ஒரே வழக்கம் என்ற எண்ணமே இதற்கு அடித்தளம். அகநானூற்றின் 86ஆம் பாட்டு ஒரு திருமணத்தைக் கண்முன் நிறுத்துகிறது. உளுந்து கூட்டிச் சமைத்த பொங்கல், பந்தலின் கீழே பரப்பிய மணல், ஏற்றிவைத்த விளக்கு. பொழுது புலரும் நேரத்தில் மகனைப் பெற்ற நான்கு பெண்கள், பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகளின் தலையில் சொரிந்து வாழ்த்துகிறார்கள். கல்யாணம் முடிந்தது. தீ வளர்த்ததாகவோ மறை ஓதியதாகவோ பாட்டில் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கோவலனும் கண்ணகியும் முதிய பார்ப்பனர் வழிகாட்டத் தீவலம் வருகிறார்கள். ஆக, ஐயர் வைத்துச் செய்வதும் பழைய வழக்கம்தான். பழைய வழக்கங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கொங்கு வெள்ளாளக் கவுண்டர் வீட்டுத் திருமணங்களில் சீர்களை நடத்திவைத்தவர் அவர்கள் சாதியையே சேர்ந்த அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடியவர் நாவிதரான குடிமகன். பறையர் வீட்டுத் திருமணங்களை வள்ளுவர்கள் நடத்திவைத்தார்கள். இந்தக் கல்யாணங்களில் பிறந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று, ஐயர் இல்லாவிட்டால் முன்னோர் முறை கெட்டுப்போகும் என்று கவலைப்படுகிறார்கள்.

பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் என்ற ஊரில் நடந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கில் நடந்தன. விதவை மறுமணங்களும் சாதி கடந்த மணங்களும் அவற்றில் இருந்தன; ராகு காலத்தில் வேண்டுமென்றே வைத்தவையும் இருந்தன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கு நிலையான இடம் இல்லை. 1934இல் நடந்த அப்படி ஒரு மணம் பின்னாளில் சொத்து வழக்காகி, 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. வழக்கம் என்றால் நெடுங்காலமாக இருந்துவந்ததாக இருக்க வேண்டும், ஒரு சீர்திருத்த இயக்கம் நினைத்தபடி புது வழக்கத்தை உண்டாக்க முடியாது என்று சொல்லி அந்த மணம் செல்லாது என்றது நீதிமன்றம். ஊரறியக் குடும்பம் நடத்திய பெண் ஒரே நாளில் மனைவி அல்லாதவளானாள். பெரியப்பாக்களின் பேச்சுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது என்றால், அது இந்தத் தீர்ப்புதான். அந்த ஆதாரமும் பதினைந்தாண்டுகூட நிலைக்கவில்லை.

1967 மார்ச்சில் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு அந்த ஆண்டே சட்டமன்றத்தில் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவு தமிழ்நாட்டுக்கென்று சேர்ந்தது இப்படித்தான். ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்தம்’ என்ற தமிழ்ச் சொற்களையே அந்த ஆங்கிலச் சட்டம் எடுத்தாள்கிறது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘அல்லது’. மாலையும் வேண்டாம் தாலியும் வேண்டாம் என்பவர்கள் வெறும் வாய்ச்சொல்லால் கணவன் மனைவி ஆகலாம். தாலி மட்டும் போதும் என்பவர்களுக்கும் தடையில்லை. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், சில விலக்குகள் நீங்கலாக, அவை நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாயின.

ஐயர் வைத்தே தீர வேண்டும் என்று மூலச் சட்டமும் சொல்லவில்லை. இரு வீட்டாரில் ஒருவருடைய வழக்கச் சடங்குகளின்படி மணம் நடக்கலாம் என்கிறது 7ஆம் பிரிவு. தீயைச் சுற்றி ஏழடி வைக்கும் சப்தபதி அந்த வழக்கத்தில் இருந்தால் மட்டும், ஏழாவது அடியோடு மணம் முழுமை பெறுகிறது. ‘இருந்தால்’ என்ற சொல்லை ஊர் மறந்துவிட்டது. கல்யாணத்திலிருந்து கழன்றுகொள்ள நினைத்த கணவன்மார் மறக்கவில்லை.

முதல் மனைவி இருக்க இன்னொரு பெண்ணை மணப்பது குற்றம். ஆனால் அந்த இரண்டாம் மணம் முறைப்படி நடந்திருந்தால்தான் குற்றம் நிற்கும். மகாராஷ்டிரத்தில் ஒருவர் காந்தர்வ முறையில் இரண்டாம் மணம் செய்துகொண்டார். ஓமமும் சப்தபதியும் நடந்ததற்குச் சான்று இல்லை என்பதால் 1965இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே வாதம் தமிழ்நாட்டிலிருந்தும் போனது. திருத்தணியில் இரண்டாம் திருமணம் செய்துகொண்ட ஒருவர் மீது முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். அந்தக் கல்யாணத்தில் புரோகிதரே இருந்தார். தாலி கட்டியாயிற்று, மூன்று முறை மாலை மாற்றியாயிற்று என்று சாட்சியும் சொன்னார். ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை என்று கணவர் தரப்பு சாதித்தது. விசாரணை நீதிமன்றம் அதை ஏற்று விடுதலையும் செய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது: 7-அ பிரிவு இருக்கும்போது தாலியும் மாலையும் போதும், சப்தபதி தேவையில்லை. மந்திரம் இல்லாத மணத்துக்கென்று வந்த சட்டம்தான், புரோகிதர் நடத்திய மணத்தையும் மணம் என்று நிலைநாட்டியது.

2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் ஊருக்குத் தெரியாமல் நடக்கும் மணங்கள் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்று 7-அ சொல்லவில்லை; வழக்கறிஞரும் நண்பர் என்ற முறையில் சாட்சியாக இருக்கலாம். வீட்டு எதிர்ப்பை மீறி மணப்பவர்களிடம் மண்டபம் பிடித்து ஊரழைக்கச் சொல்வது, ஆபத்தைக் கூப்பிட்டு உட்காரவைப்பது போல என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2024இல் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு உத்தரவு, சப்தபதி இல்லாவிட்டால் இந்துத் திருமணமே இல்லை என்பது போன்ற தலைப்புகளோடு கைப்பேசிகளில் சுற்றியது. அந்த வழக்கில் எந்தச் சடங்கும் செய்யாமல் சான்றிதழ் மட்டும் வாங்கியிருந்தார்கள். காகிதத்தால் மட்டும் கல்யாணம் ஆகாது என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. அது வடநாட்டு வழக்கு. 7-அ அங்கே இல்லவும் இல்லை.

அதற்காக, மேடை போட்டு மைக் பிடித்தால் எந்த மணமும் செல்லும் என்று எதிர்த்தரப்பு நினைப்பதும் தவறு. 7-அ இரண்டு இந்துக்களுக்கு இடையிலான மணத்துக்கு மட்டுமே. சட்டக் கணக்கில் பௌத்தரும் சமணரும் சீக்கியரும் இந்துவில் அடக்கம். கடவுள் மறுப்பாளராகிவிட்ட இந்துவும் அதே கணக்குதான். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ இருந்தால், உறுதிமொழி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்து மணக்கலாம். பெங்களூரு மண்டபத்தில் நடக்கும் மணத்துக்கும் தமிழ்நாட்டுத் திருத்தம் துணை வராது.

தலைமை தாங்குபவருக்குச் சட்டத்தில் தனி இடம் ஏதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1973 முதல், மதம் சாராத திருமணங்களை நடத்திவைக்க அரசே ஆட்களை நியமிக்கிறது. இங்கே உரிமமும் கிடையாது, நியமனமும் கிடையாது. தலைமை தாங்குபவரும் கூடியிருக்கும் சாட்சிகளில் ஒருவர், அவ்வளவுதான். இந்த எளிமையை இயக்கத்தாரே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வாழ்த்துரை பதினான்கு பேர் என்று அழைப்பிதழ் நிரம்பிவழிகிறது. ராகு காலம் பார்க்காதவர்கள் தலைவரின் சுற்றுப்பயணக் காலம் பார்த்து முகூர்த்தம் குறிக்கிறார்கள். மேடையில் கூட்டணிக் கணக்குப் பேசப்படும்போது மணமகள் கழுத்துக் கனக்கும் மாலையோடு குடிதண்ணீருக்கு யாரிடம் சைகை செய்வது என்று தேடுகிறாள். புரியாத மொழியில் ஓதுவதற்கு மாற்றாக வந்த முறை, புரியும் மொழியில் சலிப்பூட்டினால் அதுவும் குறைதான்.

ஒழுங்காக நடக்கும் இடத்தில் மொத்தமும் கால் மணி நேரம். தலைமை தாங்குபவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து முதலில் மணமகளிடம் கொடுக்கிறார். அவள் மைக்கைப் பிடித்து, தன் பெயரையும் அவன் பெயரையும் சொல்லி, வாழ்க்கைத் துணைவராக ஏற்கிறேன் என்று படிக்கிறாள். குரல் கொஞ்சம் தடுமாறுகிறது. பின்வரிசையில் பேச்சு நிற்கிறது. அவனும் படிக்கிறான். மாலை மாற்றுகிறார்கள், கைதட்டுகிறார்கள், பந்திக்குக் கூட்டம் நகர்கிறது. அவர்கள் சொல்லி முடித்த கணத்தில் சட்டப்படி மணம் முடிந்துவிட்டது. மாலையும் கைதட்டலும் அதற்கு மேல்.

மிச்சம் இருப்பது பதிவு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தாரும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைப்பிதழ், திருமணப் புகைப்படம், வயது மற்றும் முகவரிச் சான்று இவற்றோடு சாட்சிகளையும் கூட்டிப் போக வேண்டும். ஐயர் வைத்துக் கட்டியவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.