வலது பக்கம் குத்திய பதக்கம்

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். வகுப்பாக இருந்தால் இரண்டு பீரியட் எடுத்திருப்பேன்.

குடியரசு தினத்தன்று பக்கத்து ஊர் கொடியேற்றத்தில் எடுத்த வீடியோ ஒன்று பத்து நாளாகச் சுற்றுகிறது. பழைய பச்சைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெரியவர், மார்பின் இரண்டு பக்கமும் பதக்கங்களோடு நின்று சல்யூட் அடிக்கிறார். அவர் உடம்பில் நாலு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, "போலி மிலிட்டரி சிக்கினார்" என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டு எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். அதைத் தயாரித்துப் போட்டதும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல பையன், நாட்டுப்பற்றில்தான் செய்தான் என்றும் நம்புகிறேன். ஆனால் செய்தது தப்பு. அதை எல்லோர் முன்னாலும் செய்ததால் நானும் இங்கேயே சொல்கிறேன்.

நம் வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெரியவரைப் பார்த்து "நீ போலி" என்று சொல்வது, இன்னொரு ஊரில் சொல்வதைவிடப் பெரிய வார்த்தை.

முதல் வட்டத்துக்கு வருவோம். "பதக்கத்தை இடது பக்கம்தான் குத்துவார்கள், இவர் வலது பக்கமும் குத்தியிருக்கிறார், அதனால் போலி." தான் வாங்கிய பதக்கத்தை இடது மார்பில் அணிவார்கள் என்பது சரிதான். ஆனால் இறந்துபோன உறவினரின் பதக்கத்தை வீட்டார் வலது மார்பில் அணியும் வழக்கம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் காலத்துப் படைகளிலிருந்து வந்த வழக்கம் அது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25, ஆன்சாக் நாளன்று பேரன் பேத்திகள் தாத்தாவின் பதக்கங்களை வலது பக்கம் குத்திக்கொண்டு அணிவகுப்பில் போவதை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சட்டை விதியைத் தெரிந்துவைத்தவனுக்கு இந்த வழக்கம் தெரியவில்லை. விதியைப் பாதி தெரிந்துகொள்வதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

அந்த வலது பக்கப் பதக்கம் அவருடைய தம்பியுடையது. தம்பி மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர், அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் 1988-இல் அங்கேயே இறந்தார். "ஸ்ரீலங்கா" என்று பொறித்த பட்டையோடு வரும் ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் அது. அந்தப் படையில் போன இந்திய வீரர்களில் ஆயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் நம் ஊரில் அதைப் பற்றி வாய்விட்டு அழுவதற்குக்கூடச் சங்கடமாக இருந்தது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை பதக்கம் அவருடைய பெட்டியில் இருந்தது. அம்மாவும் போன பிறகு வருஷத்துக்கு இரண்டு நாள் அண்ணன் குத்திக்கொள்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் எந்தத் தாளும் கேட்கவில்லை. அவர் மனைவிதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை என் மடியில் வைத்தார். "நீங்களாவது பாருங்க டீச்சரம்மா" என்றார். 1970-இல் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி, 1987-இல் ஓய்வு. பெரியவர் வெளியே திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை.

மற்ற மூன்று வட்டங்களில் காட்டியவை பிழைகள்தான், மறுக்கவில்லை. பதக்கங்களுக்கு வரிசை உண்டு. உயர்ந்தது மார்பின் நடுவை ஒட்டி வரவேண்டும், மற்றவை அதற்கடுத்து வெளிப்பக்கமாக. 1971 போர்க் காலத்தில் எல்லை மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த சங்கிராம் மெடல் முதலிலும், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் அடுத்தும், 9 வருஷ சேவைப் பதக்கம் கடைசியிலும் இருக்கவேண்டும். இவர் தலைகீழாகக் குத்தியிருந்தார். தொப்பி அவருடைய பழைய தொப்பி இல்லை. அதைப் பூச்சி அரித்துவிட்டதால், என்.சி.சி. பிள்ளைகளுக்கு விற்கிற கடையில் வாங்கியது. சட்டையும் இன்றைய ராணுவச் சட்டை மாதிரி இல்லை. எப்படி இருக்கும்? இப்போது நீங்கள் பார்க்கிற போர்ச்சீருடை 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமானது. இவர் வீடு திரும்பி அப்போதே 35 வருஷம் ஆகியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஓய்வுபெற்றவனுக்குக் காலையில் அணிவகுப்பு இல்லை, சட்டையைப் பார்த்துத் திட்ட ஹவில்தார் இல்லை. ரிப்பன் மங்கும், ஊக்கு துருப்பிடிக்கும், கண் தெரியாது, கை நடுங்கும். எழுபது வயதைத் தாண்டியவரின் சீருடையில் பிழை இருப்பதுதான் இயல்பு. ஏமாற்றுக்காரனுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. கண்டோன்மெண்ட் கடைத்தெருக்களில் தையல்காரரிடமே பதக்கத்தின் நகல் கிடைக்கும். போட்டோவைப் பார்த்து ஒவ்வொன்றையும் இடம் மாறாமல் வைத்துத் தைத்துக்கொள்வான். அரசு கொடுத்த அசல் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அதை செல்போன் வீடியோவில் யாரால் படிக்க முடியும்?

வீட்டுப்பாட நோட்டு திருத்தியவளுக்கு இது புதிதில்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் நோட்டு பளிச்சென்று இருக்கும். சொந்தமாக எழுதியவன் நோட்டில்தான் அடித்தல் திருத்தல். எவன் நோட்டு யாருடையது என்று உங்களுக்கே தெரியும், பெயர்கள் வேண்டாம்.

போலிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் "நான் ஆர்மியில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது" என்று சொல்லி, சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பி, க்யூ.ஆர். கோடு கொடுத்துப் பணம் பறிக்கிற கும்பல் இருக்கிறது. ராணுவத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏழைப் பையன்களிடம் லட்சக்கணக்கில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எவனுடைய படத்திலும் பதக்கம் தலைகீழாக இருக்காது. இவர்களை அடையாளம் காட்டுவது பணம் கேட்கிறார்கள் என்பது.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. முன்பு தண்டனைச் சட்டத்தில் 140-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. படைவீரராக இல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை. அமெரிக்காவில் வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வதே குற்றம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். 2012-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறு வருஷம் புதிய சட்டம் வந்தது: பணமோ வேறு ஆதாயமோ பெறும் எண்ணத்தோடு பொய் சொன்னால்தான் குற்றம்.

அதே அமெரிக்காவில் 1996-இல் நடந்ததை அவசியம் சொல்லவேண்டும். அட்மிரல் மைக் போர்டா, கடற்படையின் தலைமை அதிகாரி. பள்ளிப்படிப்பை முடிக்காமல் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அந்தப் பதவிவரை உயர்ந்தவர். வியட்நாம் காலத்தில் பெற்ற இரண்டு பதக்கங்களின் ரிப்பனில், நேரடிப் போரைக் குறிக்கும் சின்னஞ்சிறு "வி" எழுத்தைப் பல வருஷம் அணிந்திருந்தார். அதற்கு அவருக்கு உரிமை உண்டா என்று கேள்வி எழுந்தது. அதற்குச் சுமார் ஒரு வருஷத்துக்கு முன்பே அவர் அதை எடுத்துவிட்டிருந்தார். ஆனாலும் மே 16 அன்று ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர்கள் அதைப் பற்றிக் கேட்க வரவிருந்த நேரத்தில், வீட்டுக்குப் போய்த் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். வயது 56. அந்த எழுத்தை அவர் அணிந்தது சரியா தவறா என்று பின்னால் கடற்படைக்குள்ளேயே இரண்டு கருத்து. அவர் படையில் இருந்தாரா என்று கேட்க யாருக்கும் இடமே இல்லை. இருந்தும் உயிர் போனது. ஒரு நாட்டின் கடற்படைத் தலைவராலேயே தாங்க முடியவில்லை என்றால், பேத்தியிடம் அவள் வகுப்புப் பிள்ளைகள் "உங்க தாத்தா டூப்ளிகேட்டா?" என்று கேட்டதை நம் பெரியவர் எப்படித் தாங்குவார்?

சந்தேகமே வரக்கூடாதா என்று கேட்பீர்கள். வரலாம். முன்னாள் படைவீரர் ஒவ்வொருவரிடமும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, அடையாள அட்டை என்று ஏதாவது இருக்கும். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிவேடு இருக்கிறது. யாராவது ராணுவத்தின் பேரைச் சொல்லிச் சலுகையோ பணமோ கேட்டால், அங்கே போய்க் கேளுங்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள். அது குடிமகன் செய்கிற வேலை. கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று எதையும் கேட்காமல் சல்யூட் மட்டும் அடித்துவிட்டுப் போகிறவரிடம் நமக்கு என்ன விசாரணை? உன் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்குமா? நடந்துபோய் "பெரியப்பா, இது ஏன் வலது பக்கம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

வீடியோவை எடுத்துவிடு, தம்பி. எடுத்துவிட்டு, எங்கே போட்டாயோ அங்கேயே, அவர் 17 வருஷம் சேவை செய்தவர் என்று எழுது. பகிர்ந்தவர்களும் அதைப் பகிருங்கள். அப்புறம் நீ நேரில் போ. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நானும் வருகிறேன்.

உங்களில் நாலைந்து பேர் இப்போது சர்வீஸில் இருக்கிறீர்கள். லீவில் வரும்போது எனக்கு ஒரு போன் போடுங்கள். அந்த மூன்று பதக்கத்துக்கும் புது ரிப்பன் வேண்டும், வரிசைப்படி ஒரே பட்டையில் கோத்துக் கொடுக்கவேண்டும். கண்டோன்மெண்ட் கடையில் செய்து தருவார்கள், செலவு என்னுடையது. தம்பியின் பதக்கத்துக்கும் தனியாக ஒரு ரிப்பன். ஆகஸ்ட் 15-க்குள் கிடைத்தால் நல்லது. அவராகக் கேட்க மாட்டார்.

— உங்கள் டீச்சர்