கொழிஞ்சி விதையைக் குறை சொல்லாதீர்கள்

பிசான நெல் அறுவடைக்குப் பின் கொழிஞ்சி விதைத்துவிட்டு, "பாதிகூட முளைக்கவில்லை, விதை பொக்கு" என்று தென்காசிப் பக்கத்து விவசாயிகள் சிலர் குறைப்படுவதுண்டு. அதோடு பசுந்தாள் உரத்தையே கைவிட்டு, யூரியாவுக்குக் கடன் வாங்குகிறார்கள். இது வீண் நஷ்டம் என்பேன்.

கொழிஞ்சி நம் தரிசுகளில் தானே வளரும் செடி. அதன் விதைத்தோல் கடினமானது. நீர் எளிதில் உள்ளே புகாது. தரிசில் வெயிலும் மழையும் மாதக்கணக்கில் அதை இளக்குகின்றன. வயலில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். விதையுடன் சொரசொரப்பான ஆற்று மணலைக் கலந்து உரலிலிட்டு, பருப்பு உடையாமல் இலேசாக இடியுங்கள். விதையின் பளபளப்பு மங்கினால் போதும். பின் ஓர் இரவு ஊற வையுங்கள். பருக்காத விதையை மறுபடியும் உரலுக்கே அனுப்பலாம். வெந்நீர் முறையும் உண்டு. ஆனால் சூடு மிஞ்சினால் முளை செத்துவிடும். எனக்கு உரல்தான் நம்பிக்கை.

ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். கொழிஞ்சி வறட்சி தாங்கும். ஆடு மாடு விரும்பி மேயாது. கோடையில் காவல் வேண்டியதில்லை. சிற்றாற்றில் நீர் வந்ததும், கார் நடவுக்கு முன் மடக்கி உழுங்கள்.

வரப்போரம் சில செடிகளை மட்டும் விட்டுவையுங்கள். காய் முற்றி வெடிக்குமுன் பறித்தால், அடுத்த ஆண்டு விதைக்குக் காசு வேண்டாம்.