புலிக்கொடியா, பொன்னியின் கையா?

2022இல் வந்த ‘பொன்னி நதி’ பாட்டு நம்மில் பலருக்கு மனப்பாடம். எழுதியவர் இளங்கோ கிருஷ்ணன், இசை ஏ.ஆர். ரஹ்மான். பாட்டு ஒலித்ததும் நெஞ்சு நிமிர்கிறது. கூடவே அந்தப் பழைய பேச்சும் வந்துவிடுகிறது: "1025இல் ராசேந்திரன் கடாரம் கொண்டான். இந்தக் கடல் அன்றே எங்கள் கடல்!"

உறவுகளே, அந்தப் பாட்டில் வருபவன் யார்? நாடு பிடித்த வேந்தனா? இல்லை. அரசிழந்த வாணர் குலத்து வந்தியத்தேவன். ஓலை சுமந்து வேற்று நாட்டுக்குள் நுழையும் தூதன். அவன் காணத் துடிப்பது அரண்மனையை அல்ல, ஆற்றை!

அந்த ஆறு எதன் குறியீடு? கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவலிலேயே விடை இருக்கிறது. காவிரியில் விழுந்த குழந்தை அருள்மொழியை ஒரு கை தூக்கிக் காப்பாற்றுகிறது. காவிரித்தாயே காத்தாள் என்று ஊர் நம்புகிறது. ‘பொன்னியின் செல்வன்’ என்ற பெயரும் வருகிறது. பிறகுதான் உண்மை தெரிகிறது. காத்தவள் மந்தாகினி. பேச முடியாதவள், அரண்மனையில் இடம் இல்லாதவள். இளவரசனுக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. அவளுக்கு என்ன கிடைத்தது?

இதைத் தஞ்சோங் பகாரில் நின்று யோசியுங்கள். 1864இல் இங்கே கப்பல்துறை நிறுவனம் தொடங்கியது. அந்தத் துறையில் மூட்டை தூக்கிய தமிழர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டில் உள்ளன? இவ்வட்டாரத்தில் வேரூன்றிய கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைக் கண்டார்கள். 1982இல் அது மூடப்பட்டது. புலிக்கொடிப் பெருமையில் இவர்களுக்கு எங்கே இடம்?

படையெடுத்து வந்ததால் உரிமை என்றால், 1819இல் வந்த வெள்ளையனுக்கும் 1942இல் வந்த சப்பானியனுக்கும் அதே உரிமை உண்டு என்றாகாதா? மலாய் அண்டை வீட்டாரிடம் "உங்களை வென்றவர்கள் நாங்கள்" என்று சொல்லியா சமத்துவம் கேட்பது?

சிறுபான்மையினரின் உரிமைக்கு அடிப்படை உழைப்பு. இந்த நகரத்தைத் தூக்கி நிறுத்திய கைகளில் நம் கைகளும் உண்டு. அதைச் சொல்ல வெட்கம் எதற்கு?

பாட்டைப் பாடுவோம், தாராளமாகப் பாடுவோம். ஆனால் கப்பல்துறையில் உழைத்த தாத்தாக்களின், அவர்களின் குடும்பங்களைத் தாங்கிய பாட்டிகளின் கதைகளை இன்றே பதிவு செய்வோம். ஊமை ராணியின் கையை மறந்துவிட்டுப் பொன்னியைப் பாடுவதில் பொருளில்லை.