தாழ்ந்த வண்டியும் உயர்ந்த வண்டியும்

என் வீட்டு வாசலில் தாழ்த்திய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்றும், உயர்த்திய சுசுகி ஜிம்னி ஒன்றும் நிற்கின்றன. ஆசிரியருக்கு இது தகுமா எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். (சம்பளம் போதுமா என்பது மனைவியின் வினா!)

முன்னதன் ஈர்ப்பு மையம் தாழ்ந்ததால் வளைவில் நிலைகொள்கிறது. பின்னது பாறையைத் தாண்டும். வளைவில் கவிழவும் கூடும். டயரின் விட்டம் 10 விழுக்காடு பெரிதானால், நெடுஞ்சாலை வரம்பான 110-ஐ வேகமானி காட்டும்போது வண்டி உண்மையில் 121 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். விழுக்காட்டுப் பாடத்தில் தடுமாறிய ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இக்கணக்கை நொடியில் சொன்னான்.

அவன் தந்தையோ, “வண்டிப் பைத்தியத்தை வளர்க்காதீர்கள், ஐயா” என்றார். வளர்க்க நான் தேவையில்லை. 17 வயதில் உரிமம் பெற்றதும் அவன் பட்டறைக்குச் செல்லத்தான் போகிறான். அந்த 121-ஐ அறிந்து செல்லட்டுமே!