கடலில் கலக்கும் நீர் வீணா?

ஆற்றுநீர் கடலிற் கலந்தால் வீண் என்கின்றனர்! மரக்காணத்து உப்பளக் கரைக்கு வரட்டும். கழுவெளியின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலப்பதாலன்றோ அங்கே மீனும் இறாலும் வளர்கின்றன, பறவைகள் குவிகின்றன!

காவிரியைப் பாருங்கள், தோழர்களே! 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. 1937-ல் மின்சாரமும் பிறந்தது. மின்சாரத்தின் பகைவரல்லர் நாம். குடிசைதோறும் விளக்கெரிய வேண்டுமென்போர். மின்சாரம் நீரைக் குடிப்பதில்லை, உண்மை. ஆனால், அணை வெள்ளத்தைத் தேக்குகிறது. அது பாயும் காலத்தை மாற்றுகிறது. வெள்ளங்கண்டு கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் உல்லம் மீன் காவிரியில் அருகியது. மீனவன் வலை வெறுமையாயிற்று.

ஆடிப்பெருக்கில் தாயென்று மலர் தூவினால் மீன் திரும்புமா? கழிமுகத்துக்குரிய நீரை உரிய காலத்தில் விடுக! ஆற்றுக்கு வேண்டுவது அர்ச்சனையன்று. அறிவோடு அளந்துவிடும் நீர்!