உட்காரத்தானே நாற்காலி?

நாற்காலிக்கு ஒரே ஒரு தர்மம்தான் உண்டு: களைத்து வந்தவரை உட்கார வைப்பது. அந்தத் தர்மத்தைக் கைவிட்ட நாற்காலியைக் கலை என்று கொண்டாடும் கனவான்களோடுதான் எனக்குச் சண்டை.

2015-ஆம் வருஷம் லண்டன் ஏலம் ஒன்றில் ஓர் அலுமினியச் சாய்வாசனம் 24 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. நம் கணக்கில் 20 கோடி ரூபாயைத் தாண்டும். ஆஸ்திரேலியரான மார்க் நியூஸன் செய்தது. வாங்கியவர் மத்தியானச் சாப்பாடு முடிந்து அதில் காலை நீட்டிப் படுப்பார் என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை.

“உலோகத்தின் எளிமை உமக்குப் புரியவில்லை” என்பார்கள். எளிமையா? 1925-ல் மார்செல் பிராயர் என்ற ஹங்கேரிக்காரர், சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துவிட்டு எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். யந்திரத்தில் ஏராளமாகச் செய்யலாம், எல்லார் வீட்டுக்கும் போகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. 1984-ல் உலோகத் தகட்டை மடித்து நாற்காலி செய்த அமெரிக்கக் கலைஞர் டொனால்டு ஜட்கூட, பயன்படாத நாற்காலி வெறும் கேலிக்கூத்து என்றே வாதாடினார். செய்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். சேகரிப்பவர்கள் கயிறு கட்டித் தடுக்கிறார்கள்.

எளிமையைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பாளையங்கோட்டைக்கு வாருங்கள். வாடகைக் கடையின் இரும்பு மடக்கு நாற்காலி இருக்கிறதே, அதில் அநாவசியமாக ஓர் ஆணி கிடையாது. முதுகில் கடைக்காரர் பெயர்; அதுதான் அலங்காரம். மடக்கும்போது விரலைக் கடிக்கும். சித்திரை வெயிலில் சுடும். ஆனாலும் கல்யாண வீட்டில் சம்பந்தியையும், துஷ்டி கேட்க வந்தவரையும் பேதமில்லாமல் தாங்கியது. பிளாஸ்டிக் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. அதை ஏலம் கேட்க எந்த ரசிகரும் வரவில்லை. பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போகிறார்.

அது போனால் போகட்டும். என் கோபம் உட்காரவே விடாமல் நிறுத்தப்பட்ட மனிதர்களுக்காக. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் சேலை எடுக்கப் போனவர்களுக்கு மெத்தை ஆசனம் உண்டு. காலை முதல் இரவு வரை சேலையை விரித்து விரித்து மடித்த பெண்களுக்கோ சுவர்தான் துணை. உட்கார ஆளில்லாத நாற்காலிக்குக் கோடி ரூபாய். நின்று கால் வீங்கியவளுக்கு ஒரு முக்காலிகூட இல்லை! அவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தைத் திருத்த நமக்கு 2021 வரை ஆயிற்று. கேரளத்தார் 2018-லேயே செய்துவிட்டார்கள்.

சட்டம் வந்தது, சரி. ஸ்டூல் வந்ததா? அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, கல்லாவைப் பார்ப்பதற்கு முன் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். நாற்காலியில் ரசிப்பதற்கு ஏதாவது இருந்தால், அது அங்கேதான் இருக்கிறது.